கனடாவின் பேஸ்மென்ட் பாட்டுகளை எங்கே தேடுவது?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கனடாவில் முகம் தெரியாத ஆட்கள் வீட்டு பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில், உட்கார்ந்து தாங்களே பதிவு செய்த லோ-ஃபை (இரைச்சலோடு கரடுமுரடாகப் பதிவான) பாட்டுகள் ஏராளம் என்கிறார்கள், ஆனால் லோ-ஃபை என்று தேடினால் மழைச் சத்தத்தோடு பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கான பீட்ஸ்தான் வந்து விழுகிறது, அந்த இன்னொன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தால் தேடும் உத்தி கேட்பது போலத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ கேள்வி அதைவிட ஆழமானதாகப் படுகிறது. விளம்பரம் இல்லாத, எந்த வகையிலும் சேர்க்கப்படாத, சில சமயம் பாடியவர் பெயர்கூட இல்லாத ஒரு பாட்டு, எந்த வழியாக ஒருவர் காதுக்கு வந்து சேர்கிறது? அந்த வழி புரிந்துவிட்டால் உத்தி தானாக வந்துவிடும்.

நான் இசைக் கலைஞன் இல்லை. 2000களின் நடுவில் கனடாவின் எட்மண்டன் நகரத்துக்குப் படிக்க வந்தேன். வாடகை குறைவு என்பதால் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். போக இடமில்லாமல் மாணவர் வானொலியில் தன்னார்வலனாகச் சேர்ந்தேன். புதியவனுக்கு மைக் தருவார்களா? பத்து வருடமாக யாரும் தொடாத கேசட் அலமாரியைக் காட்டி, இதை ஒழுங்குபடுத்து என்றார்கள். அதை ஒழுங்குபடுத்திக்கொண்டேதான் இன்னும் இருக்கிறேன். மற்றவர்களின் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது இப்போது என் வார இறுதி வேலை. கீழே எழுதுவது அந்த அனுபவத்திலிருந்து வருவது.

முதலில் அந்த வார்த்தைத் தகராறு. இன்றைக்கு லோ-ஃபை என்பது ஒரு பாணியின் பெயர். சுத்தமாகப் பதிவான ஒலியின் மேல் இரைச்சலையும் இசைத்தட்டுக் கீறலையும் கணினியில் வேண்டுமென்றே தூவுகிறார்கள். நீங்கள் தேடுவது ஒரு நிலைமையின் பெயர். கையில் மலிவான இயந்திரம், ஒரே ஒரு மைக், மாடியில் தூங்கும் அப்பா அம்மா. இரைச்சல் அதில் தானாக வந்தது. முடிந்தால் அதை எடுத்துவிடத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். அதனால் அந்த வார்த்தையை வைத்துத் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் தங்கள் கேசட் அட்டையில் லோ-ஃபை என்று எழுதிக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ராக் என்று எழுதினார்கள், இல்லாவிட்டால் எதையுமே எழுதவில்லை.

ஏன் பேஸ்மென்ட்? கனடாவில் வீட்டு அஸ்திவாரத்தை உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே போட வேண்டும். இல்லாவிட்டால் குளிரில் மண் உப்பி வீட்டையே தூக்கிவிடும். எப்படியும் நாலடி, ஆறடி தோண்ட வேண்டும் என்னும்போது, இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளமாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், துணி துவைக்கும் இயந்திரம், உடைந்த சோபா, அப்புறம் பதினேழு வயதுப் பையனின் டிரம்ஸ் எல்லாம் அங்கே போய்ச் சேரும். சுற்றிலும் மண் இருப்பதால் சத்தம் அக்கம்பக்கத்துக்கு அதிகம் போகாது. நம் ஊர் மொட்டை மாடிக்கு அங்கே இருக்கிற சமானம் இதுதான் என்று சொல்லலாம், வெளிச்சம் மட்டும் கிடையாது.

இடம் இருந்தது, இயந்திரம் 1979இல் வந்தது. டியாக் நிறுவனம் அந்த வருடம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற பெட்டியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். முதல் தடத்தில் கிதார், அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் குரல், இப்படி ஒரே ஆள் ஒரு குழுவாகிவிடலாம். மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் இறக்கினால் அந்த மூன்றும் மறுபடி காலி. ஆனால் இறக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு படி ஏறும். இந்த ஒலியின் தேய்மானம் என்று நாம் ரசிப்பதில் பெரும்பகுதி அந்தக் கணக்குதான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். 2011 வாக்கில் எட்மண்டனில் ஒரு பழைய பொருள் கடையில் அட்டை இல்லாத கேசட் ஒன்று ஐம்பது காசுக்குக் கிடைத்தது. வீட்டில் போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல ஒரு ஆண் குரல், இழுத்து இழுத்து. திருப்பிப் போட்டால் எல்லாமே பின்னோக்கி ஓடுகிறது. ஆகா, மாபெரும் சோதனை இசை மேதை ஒருவன் நம் கையில் மாட்டினான் என்று இரண்டு வாரம் பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். வானொலியில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது நாலு தட மூலப்பிரதி" என்கிற பொருளில் ஏதோ சொன்னார். விஷயம் இதுதான்: சாதாரண கேசட் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம் என்று இரு திசையில் ஓடும். போர்ட்டாஸ்டூடியோ நான்கு தடங்களையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் பதியும்; அறுபது நிமிட கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். அதைச் சாதாரண டெக்கில் போட்டால் முதல் பக்கம் பாதி வேகத்தில் கேட்கும், மறுபக்கம் தலைகீழாகக் கேட்கும். சரியான இயந்திரத்தில் போட்டபோது அந்தக் கிணற்று ஆண் மறைந்துபோய் ஒரு பெண் பாடினார், இருபது வயதுக்குள் இருக்கும். கிதார், பொம்மை கீபோர்டு, தனக்குத் தானே இரண்டாவது குரல். மூன்றாவது பாட்டின் நடுவில் ஃபர்னஸ் கடகடவென்று ஓட ஆரம்பிக்கிறது; அவர் சிரித்துவிட்டு அதே இடத்திலிருந்து தொடர்கிறார். யார் என்று இன்றுவரை தெரியாது. ஆகவே கடையில் பெயரில்லாத கேசட் எடுத்து அது வேகம் குறைந்தோ தலைகீழாகவோ கேட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது பிரதியாக இருக்காது, மூலமாகவே இருக்கலாம்.

சரி, தேடலுக்கு வருகிறேன். நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பாட்டைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள், ஊர் கிடைத்தால் அங்கே டேப் இயந்திரம் வைத்திருந்த ஆளைத் தேடுங்கள். கனடா மிகப் பெரிய நாடு. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே வேனில் ஒரு பகல் முழுக்க ஓட வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஊரும் தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டது. ஐந்து பேர் எட்டுக் குழுக்களில் வாசிப்பார்கள். எட்டையும் ஒரே ஆளின் பேஸ்மென்டில் பதிவு செய்வார்கள்.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மாங்க்டன் இதற்கு நல்ல உதாரணம். 1990இல் அங்கே எரிக்ஸ் ட்ரிப் என்ற குழு உருவானது. ரிக் வைட், ஜூலி டோய்ரன், கிறிஸ் தாம்சன், மார்க் கொடே என்று நான்கு பேர். ரிக் வைட்டின் பெற்றோர் வீட்டு பேஸ்மென்டில் நாலு தட இயந்திரத்தில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் சியாட்டிலின் சப் பாப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டு 1993இல் 'லவ் தாரா' ஆல்பத்தை வெளியிட்டது. பெரிய நிறுவனம் கிடைத்தும் பேஸ்மென்டை விடவில்லை என்பதுதான் அழகு. இது அரிய இசை இல்லையே, தெரிந்த பெயர்தானே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த பெயர் வாசல்தான். உள்ளே போய்ப் பாருங்கள். 1996இல் குழு கலைந்த பின் நால்வரும் வெவ்வேறு பெயர்களில் வெளியிட்டவை, அவர்கள் பதிவு செய்து கொடுத்த நண்பர்களின் குழுக்கள், அந்த நண்பர்களின் தனிக் கேசட்டுகள் என்று ஒரு வாரத்தில் ஐம்பது பெயர் கைக்கு வந்துவிடும். எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலத்துச் சிற்றூரில் இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஃபில் எல்வ்ரம், 2008இல் மவுன்ட் ஈரி என்ற பெயரில் தான் வெளியிட்ட ஆல்பம் ஒன்றை ஜூலி டோய்ரனுடன் சேர்ந்தே பாடினார். சின்ன ஊரின் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு இது போதும்.

கல்கரியில் இதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் நடக்கலாம். சாட் வான்கேலன் என்ற பாடகர் வீட்டிலேயே பதிவு செய்து சேர்த்து வைத்திருந்ததிலிருந்து 2004இல் 'இன்ஃபினிஹார்ட்' ஆல்பம் வந்தது. அவர் 2008இல் விமன் என்ற குழுவின் முதல் ஆல்பத்தைத் தன் பேஸ்மென்டில் பழைய டேப் இயந்திரங்களையும் டூ-இன்-ஒன் பெட்டிகளையும் வைத்துப் பதிவு செய்து கொடுத்தார். சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்ப்பாலம் ஒன்றுக்குள் போய்க்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குழுவின் பாட்ரிக் ஃப்ளேகல்தான் பிறகு சிண்டி லீ என்ற பெயரில் பாட ஆரம்பித்தவர். 2024இல் வந்த 'டயமண்ட் ஜூபிலி'யில் 32 பாட்டு, இரண்டு மணி நேரம். ஸ்ட்ரீமிங் தளம் எதிலும் போடாமல், யூட்யூபில் ஒரே நீள வீடியோவாகவும், 1990களின் ஜியோசிட்டீஸ் வலைத்தளங்கள் பாணியில் அமைந்த ஒரு பக்கத்தில் 30 கனடிய டாலர் நன்கொடை கேட்டுத் தரவிறக்கமாகவும் விட்டார். கனடாவின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் போலாரிஸ் பரிசின் அந்த வருட இறுதிப் பட்டியல் வரை அது போனது. இதைப் பின்னோக்கிப் பிடித்தால் ஒரு பேஸ்மென்ட் வருகிறது பாருங்கள், நான் சொல்வது அந்தப் பின்னோக்கிய நடையைத்தான்.

இன்னும் பின்னால் போனால் ஹாமில்டனுக்குப் பக்கத்து அன்காஸ்டர். 1974இல் சிம்ப்ளி சாசர் என்ற குழுவை பாப் லன்வாவும் டேனியல் லன்வாவும் தங்கள் அம்மா வீட்டு பேஸ்மென்டில் பதிவு செய்தார்கள். அதை வெளியிட ஆளில்லை. பதினைந்து வருடம் கழித்து 1989இல்தான் இசைத்தட்டாக வந்தது. அதற்குள் டேனியல் லன்வா, பிரையன் ஈனோ என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து அயர்லாந்து ராக் குழுவான யூடூவின் 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தைத் தயாரித்து உலகப் புகழ் பெற்றுவிட்டார். அம்மா வீட்டுக் கீழ்த்தளத்தில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்!

நடைமுறையில் நான் செய்வது இது. கலைஞர்கள் தாங்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வகையை விட்டுவிட்டு ஊரின் பெயரைப் போடுகிறேன், அதுவும் சின்ன ஊராக. டொராண்டோ என்றால் கடல். சாக்வில், பீட்டர்பரோ, குவெல்ஃப் என்றால் குளம், இறங்கிப் பார்க்கலாம். பிடித்த ஒன்று கிடைத்தால் பாட்டுக்காரரை விட்டுவிட்டு, பதிவு செய்தது யார், அட்டை வரைந்தது யார், நன்றி யாருக்கு என்று படிக்கிறேன். அந்தப் பெயரை, இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் போட்டால் அவர் கைபட்டதெல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு வெளியீட்டையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணும் அங்கே இருக்கும். ஒற்றை இலக்கம் என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன். எட்மண்டனில் ஆரன் லெவின் 2009இல் தொடங்கிய வியர்ட் கனடா தளம் இப்படிப்பட்ட ஓரத்து இசைக்காகவே எழுதப்பட்டது. மொழி கொஞ்சம் மிகையாக இருக்கும், காது நம்பகமானது. கனடிய இசை அருங்காட்சியகம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் சிட்டிசன் ஃப்ரீக் தளத்தில் பழைய தனியார் வெளியீடுகள் அட்டைப் படத்தோடு கிடைக்கும்.

அப்புறம் கல்லூரி வானொலிகள். ஹாலிஃபாக்ஸில் சிகேடியு, மாண்ட்ரியலில் சிகேயுடி, கல்கரியில் சிஜேஎஸ்டபிள்யூ, வான்கூவரில் சிஐடிஆர். நடத்துபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாதவர்கள், அதனால் பிடித்ததைத்தான் போடுவார்கள். நிகழ்ச்சிகளின் பாட்டுப் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். பழைய காலத்துக்கு என்றால், சிஐடிஆர் 1983 முதல் நடத்தும் டிஸ்கார்டர் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பல்கலைக்கழக நூலகமே கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. கட்டுரைகளை விட ஓரத்து விளம்பரங்களைப் படியுங்கள், குழுக்களின் பெயர் அங்கேதான் கொட்டிக் கிடக்கும். அரசு வானொலியான சிபிசியில் 1984 முதல் 2007 வரை நள்ளிரவுக்கு மேல் பிரேவ் நியூ வேவ்ஸ் என்ற நிகழ்ச்சி ஓடியது. சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் வெளியுலகச் சத்தத்தை முதலில் கேட்டது அதில். அந்த நிகழ்ச்சியைத் தலையணைக்கு அடியில் ரேடியோ வைத்துப் பதிவு செய்தவர்களின் கேசட்டுகள் இப்போதும் கடைகளில் அகப்படும்.

உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவு. அடிக்கடி காதில் விழுகிற, ஆனால் நான் முழுதாக நம்பாத இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, இதெல்லாம் நீண்ட குளிர்காலத்தின் விளைவு என்பது. குளிர் ஆளை உள்ளே தள்ளும், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் பனி அரிதாகவே விழும் நியூசிலாந்து நகரங்களிலும் நாலு தட இயந்திரத்தில் இதே மாதிரி பதிவு செய்தார்கள். இயந்திரத்தின் விலைக்கும் ஊரின் தனிமைக்கும் குளிரைவிடப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் ஊகம். இரண்டாவது, அரசின் உள்நாட்டு இசை ஒதுக்கீடு. 1971இலிருந்து கனடிய ஏஎம் வானொலிகள் முப்பது சதவீதம் உள்நாட்டு இசை போட வேண்டும் என்று விதி வந்தது உண்மை. அதனால் ஒரு இசைத் தொழிலே வளர்ந்ததும் உண்மை. ஆனால் வணிக வானொலிகள் அந்த முப்பதை ஏற்கெனவே விற்கிற பெயர்களை வைத்தே நிரப்பின. பேஸ்மென்ட் கேசட்டுக்கு அதில் நேரடியாக எதுவும் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. கனடாக்காரர்கள் சிலர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

என் வழியின் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். ஊரைத் தேடினால் குழுவாக இருந்தவர்கள் கிடைப்பார்கள். யாரோடும் சேராமல் தனியாகப் பதிவு செய்தவர் இந்த வலையில் விழமாட்டார். அவரைத் தற்செயல்தான் கொண்டுவரும். பெவர்லி க்ளென்-கோப்லண்ட் ஒன்ராரியோவின் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு சின்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துக்கொண்டு செய்த 'கீபோர்ட் ஃபேன்டசீஸ்' 1986இல் கேசட்டாக வந்து, விற்காமல் கிடந்தது. ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து ஜப்பானில் இசைத்தட்டுக் கடை நடத்துபவர் ஒருவர், மிச்சம் இருக்கிற கேசட்டுகளை வாங்கிக்கொள்கிறேன் என்று அவருக்கு எழுதினார். அங்கிருந்துதான் மறுவெளியீடு, உலகப் பயணம் எல்லாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் லாங்லி வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் 1976–77இல் உடற்பயிற்சிக் கூடத்தில் பாடிப் பதிவான இசைத்தட்டு, 2000இல் விக்டோரியா நகரத்துப் பழைய பொருள் கடையில் ஒருவர் கையில் பட்டது. அடுத்த வருடமே உலகம் கேட்டது. இந்த இரண்டுக்கும் எந்தத் தேடல் உத்தியும் உதவியிருக்காது. இன்னொரு குறை, என் காது பழகியது ஆங்கிலப் பக்கம். கியூபெக்கின் பிரெஞ்சு உலகத்துக்கு அந்த மொழி தெரிந்தவரைக் கேளுங்கள்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்மண்டன் சந்தையொன்றில் லூயிஸ் என்ற பெயரில் 1983இல் வந்த 'லமூர்' என்ற இசைத்தட்டு ஒருவருக்கு அகப்பட்டது. அது பேஸ்மென்ட் சரக்கு இல்லை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் பதிவானது. ஆனால் கதை பொருந்தும். ஆளைத் தேடியும் அகப்படாததால், 2014இல் லைட் இன் தி அட்டிக் என்ற இசை நிறுவனம் அதை மறுவெளியீடு செய்தது. பிறகு கனடாவிலேயே ஆளைக் கண்டுபிடித்துப் பணம் தர வந்திருக்கிறோம் என்றார்கள். அவர் மரியாதையாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய வேலையைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. இருபது வயதில் பேஸ்மென்டில் பாடியதை ஐம்பது வயதில் ஒருவர் மறந்திருக்கலாம், மறக்க விரும்பியும் இருக்கலாம். நானே ஒருமுறை ஆர்வக்கோளாறில், கேட்காமல் ஒருவருடைய கேசட்டை இணையத்தில் ஏற்றிவிட்டேன். அதில் பாடியிருந்தது இறந்துபோன அவருடைய தம்பி. எடுத்துவிடுங்கள் என்று இரண்டு வரி வந்தது, எடுத்துவிட்டேன். அதன் பிறகு கேட்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

பாடியவரைக் கண்டுபிடித்து அவருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். அவருடைய கேசட் உங்களுக்கு எந்த ஊரில் என்ன விலைக்குக் கிடைத்தது, எந்தப் பாட்டு பிடித்தது, அவ்வளவு போதும். மேதை, பொக்கிஷம் என்றெல்லாம் போட்டால் விற்க வந்த ஆள் என்று நினைத்துவிடுவார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் போல இன்னும் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா? பதிலுக்கு அவசரப்படக்கூடாது. எனக்கு வந்ததிலேயே தாமதமான பதில் பதினான்கு மாதம் கழித்து வந்தது: "மிச்சமெல்லாம் அம்மா வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்குப் போகும்போது பார்க்கிறேன்." எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவர் சொல்லவில்லை.